சாப்பிட்டது உடம்பில் ஒட்டாதபோது

நான்கு வாரம். வயிற்றுப்போக்கைப் பொறுத்தவரை மருத்துவம் கிழித்திருக்கும் கோடு அது. பாண்டிபஜார் பானிபூரி, கல்யாணப் பந்தி, தண்ணீர் லாரி மாறிய வாரம் என்று எதனாலோ வருகிற பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டினால் அதை நீடித்த வயிற்றுப்போக்கு என்பார்கள். நான்கு வாரத்தைத் தாண்டினால் நாள்பட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை ‘எந்தக் கிருமி?’ என்பதுதான் கேள்வி. தாண்டிவிட்டால், குடலில் எந்த இடம் தன் வேலையைச் செய்யவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இருபது, இருபத்தைந்து வயதில் இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ தரமணிப் பக்கத்து விடுதியிலோ தங்கி வேலைக்குப் போகும் பையன், காலையில் நான்கு முறை கழிவறைக்குப் போவதை அறைத்தோழனிடம்கூட மறைப்பான். வெளியே தெரிவது எடை மட்டும். அதற்கு வீட்டில் விளக்கம் தயாராக இருக்கும்: “எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே இந்த வயசுல ஒல்லிதான்”, “உடம்பு சூடு”, “கண்ணு பட்டிருக்கும்.” எண்ணெய்க் குளியல், ஊறவைத்த வெந்தயம், பாதாம் பால், கடைசியில் தி.நகர் கடையிலிருந்து ஒரு பெரிய டப்பா புரோட்டீன் பவுடர். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே ஒரு பட்டை மெட்ரோனிடசோல். எல்லாம் நடந்து முடிந்த பிறகும் ஒரே வாக்கியம் மிஞ்சும்: சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவில்லை.

அந்த வாக்கியத்தை அப்படியே நோய்க்குறிப்பில் எழுதிக்கொள்ளலாம். அவ்வளவு சரியான வாக்கியம் அது.

ஒரு நாளில் நாம் குடிப்பதும் உண்பதுமாகச் சுமார் 2 லிட்டர் நீர் வயிற்றுக்குள் போகிறது. உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், கணையநீர், குடலின் சுரப்பு என்று உடம்பே இன்னும் 7 லிட்டர் சேர்க்கிறது. இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே. மீதி முழுவதையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி வேலை சிறுகுடலுடையது. அதன் உட்சுவர் மடிப்புமடிப்பாக, மடிப்பின் மேல் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகளுடன் இருக்கிறது. இந்தப் பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடநூல்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தன. 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கவனமாக அளந்து பார்த்து, செரிமானப் பாதை முழுவதற்குமே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். சுமார் 345 சதுர அடி: மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்தில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன போர்ஷன். ஒரு மனிதனின் சோறு முழுவதும் அந்தப் போர்ஷன் வழியாகத்தான் உடம்புக்குள் வந்தாக வேண்டும்.

அந்தப் பரப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை. இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் மேல்பகுதியில் உறிஞ்சப்படுகின்றன. வைட்டமின் பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உள்ளே போகும். கொழுப்பு உறிஞ்சப்பட, அதற்கு முன்பே கணையநீர் அதை உடைத்திருக்க வேண்டும். ஆகவே இரத்தத்தில் எது குறைந்திருக்கிறது என்பதே, பழுது எங்கே என்று துப்புக் கொடுத்துவிடும். நல்ல மருத்துவர் ஸ்கேனுக்கு எழுதும் முன்பே பாதி தூரம் போயிருப்பார்.

முதலில் ஒரு பெரும் கூட்டத்தைப் பிரித்து வைத்துவிடலாம். பரீட்சை, நேர்முகத் தேர்வு, காலை மின்சார ரயில் என்றாலே வயிற்றைக் கலக்குகிறவர்கள் ஏராளம். ‘எரிச்சல்குடல்’ எனப்படும் ஐ.பி.எஸ். அது. தொல்லை உண்மையானது, கற்பனை என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் அது எடையைத் தின்பதில்லை, தூக்கத்தில் எழுப்புவதில்லை, இரத்தசோகை தருவதில்லை, மலத்தில் இரத்தம் காட்டுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வயிறு ஒருவரை எழுப்பினாலோ, முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலோ அவர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. 50 கிலோக்காரருக்கு 5 சதவீதம் என்றால் இரண்டரை கிலோ. பேன்ட் தளர்கிறதே என்று பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு மறந்துவிடக்கூடிய அளவு.

அப்படியானால் அவருக்கு என்ன? லண்டன் பாடநூல் காரணங்களை ஒரு வரிசையில் சொல்லும். அதே வரிசை சென்னைக்குப் பொருந்தாது என்பதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது. கண்டுபிடித்தவர்களில் பலர் இங்கேயே, சென்னையிலும் வேலூரிலும் இருந்து வேலை செய்தவர்கள்.

கதை திருவல்லிக்கேணியில் தொடங்கலாம். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருப்பது, 1931இல் கோஷா மருத்துவமனை. அங்கே அந்த வருடம் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் வேலை செய்துகொண்டிருந்தார். கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒரு வகை இரத்தசோகையைத் தேடி 1928இல் பம்பாய்க்கு வந்தவர். பிறகு குன்னூர், பிறகு மதராஸ். அந்தச் சோகை இரும்புச்சத்துக்கு மசியவில்லை. இரத்த அணுக்கள் அளவில் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஆய்வுக்கூடத்துக் குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார், அது தேறியது. மார்மைட் என்பது ரொட்டியில் தடவிச் சாப்பிடும் ஈஸ்ட் பசை, மலிவான சரக்கு. நோயாளிப் பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் இன்னதென்று அப்போது தெரியாது. பத்து வருடம் கழித்து, 1941இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக் கீரையைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த ஃபோலிக் அமிலம்தான் அது. இன்று கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரையின் முன்கதையில் ஒரு பக்கம் திருவல்லிக்கேணியில் எழுதப்பட்டது.

ஃபோலிக் அமிலம் கைக்கு வந்ததும் முதலில் பலனடைந்தவர்களில் ‘ஸ்ப்ரூ’ நோயாளிகளும் உண்டு. மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், வெளிறிய கண், கரைந்துபோகும் உடம்பு. 1759இலேயே பார்படோஸ் தீவில் வில்லியம் ஹில்லரி என்ற மருத்துவர் இதை எழுதிவைத்திருந்தார். நம் சித்த வைத்தியர்கள் கிராணி என்று சொன்ன நோய்க்கூட்டத்துக்குள் இதுவும் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது இந்திய பர்மா எல்லையில் நின்ற படைகளை இது உருக்கிப்போட்டது. வெப்பநாட்டுக்கு வந்த வெள்ளைக்காரனின் நோய் என்றே வெகுகாலம் பேசப்பட்டது.

அந்தப் பேச்சை முடித்துவைத்தது வேலூர். 1960களின் தொடக்கத்தில், அப்போதைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் வயிற்றுப்போக்கு ஊர் ஊராகப் பரவியது. பரவிய இடத்தில் பலருக்கு நிற்கவில்லை. காலரா இல்லை, சாதாரண பேதி இல்லை. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் என்ற ஆஸ்திரேலியரும் வி.ஐ. மாத்தனும் அவர்களுடைய குழுவினரும் கிராமங்களுக்கே போய்ப் பார்த்தார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்களையே அது அதிகம் தாக்கியது. வயிற்றுப்போக்கு என்றால் குழந்தைகள் நோய் என்று பழகிய கண்ணுக்கு இது விசித்திரம். சத்துக்குறைவால் வருவதல்ல, ஏதோ ஒரு தொற்று தொடங்கி வைக்க, அதன் பிறகு குடல் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தவறுகிறது என்ற முடிவை நோக்கி அவர்களது ஆய்வு போனது. அந்தத் தொற்று எது என்று ஒரே ஒரு கிருமியைக் காட்டி இன்றுவரை யாரும் கைநீட்டவில்லை. வைத்தியம் மட்டும் நிலைபெற்றுவிட்டது: டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும், சில மாதங்கள், தேவைப்பட்டால் பி12 ஊசி. காசு அதிகம் ஆகாத வைத்தியம்.

பேக்கர் குழு இன்னொன்றும் செய்தது. அதுதான் அறிவியலுக்கு அதிகம் பயன்பட்டது என்று தோன்றுகிறது. 1957இல் வில்லியம் கிராஸ்பி என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், நூல் போன்ற குழாயின் முனையில் விழுங்கக்கூடிய ஒரு குப்பியைச் செய்திருந்தார். உள்ளே போய்ச் சிறுகுடலின் உட்தோலில் ஒரு துணுக்கை வெட்டிக்கொண்டு வரும். வேலூர்க்காரர்கள் நோயாளிகளோடு நிற்காமல், ஒரு குறையும் இல்லாத உள்ளூர் மக்களின் குடலையும் சோதித்தார்கள். குடலுறிஞ்சிகள் மேல்நாட்டுப் பாடநூல் படத்தில் உள்ளதைவிடக் குட்டையாக, தடித்து, ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தன. யாரை ‘இயல்பு’ என்று வைத்து ஒப்பிடுவது என்ற கேள்வி அங்கே எழுந்தது.

இதற்குக் காரணம் பரம்பரையா, ஊரின் தண்ணீரா? விடை வேறு இடத்திலிருந்து வந்தது. 1960களில் கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டு வேலைக்கு வந்த அமெரிக்க இளைஞர்களின் குடலிலும் சில மாதங்களில் இதே மாற்றம் தோன்றியது. ஊர் திரும்பிய பிறகு மெல்லச் சரியானது. ஆக, சாக்கடையும் குடிநீர்க் குழாயும் அடுத்தடுத்து ஓடும் ஊரில் வாழ்பவர்களின் குடல், நோய் என்று பெயர் சொல்ல முடியாத ஒரு சின்னச் சேதத்தோடு வாழப் பழகிக்கொள்கிறது. ஸ்ப்ரூ இன்று தமிழ்நாட்டில் அபூர்வமாகிவிட்டது. ஆனால் இந்தச் சேதம் அப்படியே மறைந்துவிடவில்லை. குழந்தைகள் ஏன் சாப்பிட்டும் வளர்வதில்லை என்ற ஆராய்ச்சியின் நடுவில் இன்று அது உட்கார்ந்திருக்கிறது.

சென்னையில் ஒல்லியான இளைஞன் ஒருவன் மேலும் இளைத்தால், நூறு வருடத்துக்கு முன் எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான் வரும்: க்ஷயம், அதாவது காசநோய். இதன் பிரபலமான சாட்சி சீனிவாச ராமானுஜன். 1917இல் இங்கிலாந்தில் நோயுற்று, ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டு, 1919 ஏப்ரலில் சென்னை வந்து சேர்ந்தார். முதலில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், பிறகு லஸ் சர்ச் சாலையில் ஒரு பங்களாவில் தங்கவைக்கப்பட்டார். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, வயிற்றுவலி, எலும்பும் தோலுமான உடம்பு. இங்கேயும் காசநோய் என்றே வைத்தியம் நடந்தது. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32. 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் மறுபடி படித்து, அது அமீபா கிருமி கல்லீரலில் உண்டாக்கிய நோயாகவே இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். கப்பலேறுவதற்குப் பல வருடங்கள் முன்பே, மதராஸில் படித்தபோது, ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி வந்து ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அப்படி வந்த அமீபா உடம்பில் ஒளிந்திருந்து வருடங்கள் கழித்துத் தலைகாட்டலாம். கசப்பான பகுதி இனிமேல்தான்: அமீபாவுக்கு எமட்டின் ஊசி போடலாம் என்பதைக் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ் 1912இலேயே காட்டியிருந்தார். யங் சொல்வது சரியென்றால், ராமானுஜனைக் காப்பாற்றக்கூடிய மருந்து இந்தியாவிலேயே இருந்தது. நோயின் பெயர்தான் தவறு. இறந்தவருக்கு 74 வருடம் கழித்துச் செய்யும் நோயறிதலில் எச்சரிக்கை தேவை. ஆனாலும் இளைத்தவனையெல்லாம் ஒரே பெட்டியில் போடுவதன் விலையைச் சொல்ல இதைவிட வலுவான வழக்கு இந்த ஊரில் இல்லை.

அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் வேதியியல் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றவர்களையும், நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்ட அதன் ஆய்வு 1959இல் வெளியாகி உலகத்தையே திருப்பிப் போட்டது. சானடோரியக்காரர்கள் அதிக எடை போட்டார்கள். ஆனால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்துதான் முக்கியம், மாளிகை தேவையில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது. அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொண்டவர்களுக்கு 2023இல் பதில் வந்தது. அதே சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்களிப்போடு ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்குச் சாவின் ஆபத்து பெருமளவு குறைந்திருந்தது.

காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பு, வலதுபக்க அடிவயிறு, அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. நிணநீர்த் திசு அங்கே அதிகம். உணவும் அங்கே கொஞ்சம் தாமதித்துத்தான் நகரும். இருமலே இல்லாமல், எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருக்க, குடலில் மட்டும் புண்ணும் சுருக்கமுமாக அது இருக்கலாம். வயிற்றுக் காசநோய்க்கு 6 மாத மருந்து போதும், ஒரு வருடம் தேவையில்லை என்பதை 1990களில் முறையான ஒப்பீட்டில் காட்டியதும் சேத்துப்பட்டுதான்.

இங்கேதான் இன்றைய சென்னை மருத்துவரைத் தூங்கவிடாத புதிர் தொடங்குகிறது. 1932இல் நியூயார்க்கில் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் இளவயதினர், வலதுபக்க வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், எடையிழப்பு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண். காசநோய்க் கிருமி இல்லை. உடம்பின் தற்காப்புப் படை தன் குடலையே தாக்கும் நோய் அது. இன்று கிரோன் நோய் எனப்படுகிறது. இந்தியாவில் இது இல்லை என்று நம்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பார்க்காததால் தெரியவில்லையா, உண்மையிலேயே இல்லையா என்பது விவாதத்துக்குரியது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். பெருங்குடலைத் தாக்கும் உறவுக்கார நோயைப் பற்றி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1992இல் வெளியான ஆய்வு ஒன்று யோசிக்க வைக்கிறது. அங்கே குடியேறிய இந்திய வம்சாவளியினருக்கு அது வெள்ளையரைவிட அதிகமாகவே வந்திருந்தது. ஊர் மாறினால் குடலின் குணம் மாறும். அப்படியென்றால் ஊரே மாறினால்? சாப்பாடும் சுகாதாரமும் ஆன்டிபயாட்டிக் பழக்கமும் முப்பது வருடத்தில் மாறிப்போன சென்னையில், கிரோன் நோயாளிகள் இப்போது அபூர்வம் இல்லை.

புதிர் இதுதான். வயிற்றுக் காசநோயும் கிரோன் நோயும் ஒரே வயதில் வருகின்றன, ஒரே சந்திப்பில் உட்காருகின்றன, கொலனோஸ்கோப்பியில் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புண் காட்டுகின்றன, நுண்ணோக்கியில் ஒரே வகை அணுக்குவியல் காட்டுகின்றன. வைத்தியமோ நேர் எதிர். கிரோனுக்குத் தற்காப்புப் படையை அடக்கும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள்; காசநோயாளிக்கு அதைக் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். மாற்றிச் செய்தால் உயிருக்கு உடனடி ஆபத்து குறைவு. ஆனால் கிரோன் நோயாளி மாதக்கணக்கில் வேண்டாத மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவருடைய குடல் உள்ளே வடுப்பட்டுச் சுருங்கிவிடும். பிறகு கத்திதான்.

புண்ணிலிருந்து எடுத்த துணுக்கில் காசநோய்க் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை இப்போது இருக்கிறது. கிருமி கிடைத்தால் வழக்கு முடிந்தது. ஆனால் குடல் காசநோயில் கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு. பல நேரம் அகப்படாது. அதனால் இந்திய மருத்துவர்கள், மேல்நாட்டில் அதிகம் தேவைப்படாத ஒரு வழியைப் பழக்கமாக்கியிருக்கிறார்கள்: சந்தேகம் தீராவிட்டால் முதலில் காசநோய் மருந்து, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கொலனோஸ்கோப்பி. புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறவில்லையென்றால் கிரோன் பக்கம் திரும்ப வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. கிரோன் நோயாளிகளில் சிலருக்கும் காசநோய் மருந்து சாப்பிடும்போது வயிறு கொஞ்சம் சரியாவதுபோல் இருக்கும். “நல்லா இருக்கேன் டாக்டர், இன்னொரு தடவை அந்தக் குழாய் வேண்டாம்” என்று நோயாளி சொல்ல, டாக்டரும் இரக்கப்பட்டு விட்டுவிடும் இடம் அது. அந்த இரண்டாவது கொலனோஸ்கோப்பிதான் தீர்ப்பு. அதைத் தவிர்க்கக் கூடாது.

கோதுமைக்கு வருவோம். அடையாறு, மயிலாப்பூர் பல்பொருள் அங்காடிகளில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதிய பிஸ்கட் பாக்கெட்டுகள் சாதாரண பிஸ்கட்டைவிடப் பல மடங்கு விலைக்கு நிற்கின்றன. கோதுமையிலுள்ள குளூட்டன் புரதம் குடலுறிஞ்சிகளை மழித்துவிடும் நோய் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது: சீலியாக். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிப் பஞ்சம் வந்தது. மற்றக் குழந்தைகள் வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதை வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமை மீது அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அதில் உறுதியானது.

சென்னைக்காரருக்கு இது வர எவ்வளவு வாய்ப்பு? 2016இல் வெளியான ஓர் ஆய்வு 23,331 ஆரோக்கியமான பெரியவர்களின் இரத்தத்தைச் சோதித்தது. வடக்கே ஹரியானா, வடகிழக்கே அசாம், தெற்கே மறுபடியும் வேலூர். வடக்கே 100 பேரில் 1.23 பேருக்குச் சீலியாக்; தெற்கே 0.10 பேருக்கு, அதாவது ஆயிரத்தில் ஒருவருக்கு. இதற்கு இடம்கொடுக்கும் மரபணுவோ வடக்கே 38 சதவீதம், தெற்கே 36 சதவீதம், ஏறக்குறைய சமம். வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒரு நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். இந்த எண்களை இருவிதமாகவும் படிக்கலாம். இன்றைக்குச் சென்னையில் வயிறு சரியில்லாத ஒவ்வொருவரும் சப்பாத்தியைக் குற்றவாளியாக்குவது அபத்தம். ஆனால் ராத்திரி என்றால் சப்பாத்தி, ஞாயிறு என்றால் பரோட்டா, அலுவலகத்தில் சாண்ட்விச் என்று ஆகிவிட்ட தலைமுறையில், மரபணு தயாராகக் காத்திருக்கும் ஊரில், அந்த 0.10 அப்படியே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

பாலின் கதை நேர்மாறு. பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வளர்ந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்குக் குறைந்துவிடுகிறது. அதைக் கடைசிவரை காப்பாற்றும் மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகம். தென்கிழக்கு நோக்கி வரவரக் குறைகிறது. நாம் அந்தக் கடைசி மூலையில் இருக்கிறோம். ஆனாலும் ஃபில்டர் காபி யாரையும் கவிழ்த்துவிடவில்லை. ஒரு டம்ளர் காபியில் இருக்கும் பாலில் சுமார் 5 கிராம் பால்சர்க்கரைதான். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள். தயிரில் பாக்டீரியாவே பாதி வேலையை முடித்துவைக்கிறது. இந்தக் கோளாறு வயிற்றை உப்பவைக்கும், கடமுடா சத்தம் போடவைக்கும், பேதியாக்கும். அதனால் மட்டும் ஆள் இளைப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், எடை கூட்ட வாங்கிய மலிவு ரகப் புரோட்டீன் பவுடர் பெரும்பாலும் பாலைத் திரித்தபின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து எடுத்தது, பால்சர்க்கரையும் நிறைந்தது. உடம்பு தேற அதை மூன்று வேளை கலக்கிக் குடிப்பவர், பேதிக்கு வேறெங்கோ காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

குடல் பழுதில்லாமலே சாப்பிட்டது ஒட்டாமல் போகும் வழி ஒன்று தென்னிந்தியாவுக்கே நெருக்கமானது. மலம் வெளிறி, எண்ணெய் மின்ன, தண்ணீரில் மிதந்து, எத்தனை வாளி ஊற்றினாலும் போகாமல் இருந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. கணையத்தைப் பார்க்க வேண்டும். கேரளத்தில் கீவர்கீஸ் என்ற மருத்துவர் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான இளம் நோயாளிகளைப் பதிவு செய்தார். சிறுவயதில் வயிற்றுவலி, இளமையில் சர்க்கரை நோய், மெலிந்த தேகம், எக்ஸ்ரேயில் கணையம் நெடுகக் கற்கள். குடிப்பழக்கம் கிடையாது. மரவள்ளிக் கிழங்கின் மீது பழி போட்டுப் பார்த்தார்கள். கிழங்கே சாப்பிடாத இடங்களிலும் நோய் இருந்ததால் அது முழுமையாக நிற்கவில்லை. 2000களில் சில மரபணு மாற்றங்களின் பங்கு தெரியவந்தது. சென்னையில் எம். விஸ்வநாதனும் வி. மோகனும் சர்க்கரை நோயாளிகளுக்கு நடுவே இவர்களை அடையாளம் கண்டு நிறைய எழுதியிருக்கிறார்கள். கணையம் தன் நொதியில் பத்தில் ஒன்பது பங்கை இழக்கும்வரை மலத்தில் கொழுப்பு தெரிவதில்லை என்பதால், நோயாளி வந்து சேரும்போது தாமதமாகியிருக்கும். நொதியைக் காப்ஸ்யூலாகச் சாப்பாட்டோடு கொடுக்கலாம், எடை கூடும்.

எச்.ஐ.வி.யையும் சொல்லாமல் விட முடியாது. 1980களில் உகாண்டாவில் அதற்கு ‘ஒல்லி நோய்’ என்றே பெயர். ஒரு மாதத்துக்கு மேல் வயிற்றுப்போக்கும் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பும் அன்றைய நோயறி குறிகள். இந்தியாவில் அது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூருக்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. சாலமன் பிறகு தி.நகரிலிருந்து நடத்திய மையத்துக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்தார்கள். 2004 ஏப்ரல் 1இல் இலவசக் கூட்டுமருந்து தொடங்கியபோது முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று இந்தப் பட்டியலில் இது ஓர் எளிய இரத்தச் சோதனை. கேட்கத் தயங்கும் மருத்துவரும் கொடுக்கத் தயங்கும் நோயாளியும்தான் மீதியிருக்கும் தடை.

தைராய்டு மிகைச்சுரப்பு, ஜியார்டியா கிருமி இரண்டும் எளிதில் தப்பவிடப்படுபவை. முன்னதற்கு ஒரு இரத்தச் சோதனை, பின்னதற்கு ஒரு மலச் சோதனை போதும். 1681இல் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தன் சொந்தப் பேதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அதே ஜியார்டியாவை, இன்று ஆய்வுக்கூடத்தில் தேடுவதற்குள் பலர் நாலு வகை ஆன்டிபயாட்டிக்கை விழுங்கிவிடுகிறார்கள்.

மருத்துவரிடம் போகும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஒரே மெஷினில், மாதம் ஒரு முறை, எடையைத் தேதியோடு எழுதுங்கள். இரவில் எழுந்ததுண்டா, மலம் மிதக்கிறதா, இரத்தம் தெரிகிறதா என்பதைக் கூச்சப்படாமல் குறித்துக்கொள்ளுங்கள். குடலில் அழற்சி உண்டா இல்லையா என்று காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலச் சோதனை சென்னையின் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது; அது எரிச்சல்குடலையும் உண்மையான புண்ணையும் பிரிக்க உதவும். சீலியாக் சந்தேகம் இருந்தால், இரத்தம் கொடுப்பதற்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திச் சில மாதங்கள் கழித்து எடுத்த சோதனை, நோய் இருந்தாலும் இல்லை என்றே சொல்லக்கூடும்.